அடுக்களை காணப் போன பிஸ்கட்

கருணாகரன் பிஸ்கட் சுடப்போவதாகச் சொன்னபோது ஓமனா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அப்படியே எழுந்து வந்தாள்.

"எதுக்கு?"

"அடுக்களை காணலுக்கு."

"ஆரு சுடப்போறா?"

"நானாக்கும்."

ஓமனா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்கள் ஆளுக்கொரு கிறுக்குப் பிடித்து அலைவது அவளுக்குப் புதிதல்ல. அவர்கள் ஊரான இஞ்சிவிளையிலேயே ஒருவர் லவ் பேர்ட்ஸ் வளர்த்தார், இன்னொருவர் கோயில் கமிட்டியில் சேர்ந்து எல்லாரோடும் சண்டை போட்டார். தனக்கு வாய்த்தவர் ஓவனோடு போய் ஒட்டிக்கொண்டாரே என்றுதான் அவளுக்கு ஆற்றாமை.

"வீட்டில சுட்டு பக்கத்து வீட்டு வேதமாணிக்கத்துக்குக் குடுங்க, நான் தடுக்கல்ல. இது பிள்ளைக்க மாப்பிள்ளை வீடு. அம்பூரிக்காரங்க முழுக்கக் கூடி நிப்பாங்க. மரியாதைக்கு முந்திரிக்கொத்தும் முறுக்கும் கொண்டுபோவோம்."

"அதுவும் கொண்டுபோவோம். இதுவும் உண்டு."

ஓமனாவின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடிந்த சில நாட்களில் பெண்வீட்டார் சருவம் என்கிற பெரிய பாத்திரங்கள் நிறையப் பலகாரத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். தங்கள் பெண் புழங்கப்போகும் அடுக்களையைக் கண்டுவருவதற்கு என்று பெயர். ஆனால் நடப்பது தலைகீழ். அங்கே கூடியிருக்கும் பெண்கள்தான் இவர்களைக் காண்பார்கள். ஒவ்வொரு சருவத்தின் மூடியையும் திறந்து, முறுக்கை ஒடித்துச் சத்தம் கேட்டு, முந்திரிக்கொத்தைக் கடித்துப் பயறு எந்தப் பதத்தில் வறுபட்டிருக்கிறது என்று சொல்லி, அந்தப் பெண் பிள்ளை பெற்றுப் பேரன் எடுக்கும்வரை மறக்கமாட்டார்கள். போதாக்குறைக்கு சம்பந்தி அம்மிணி சும்மா ஆள் அல்ல. அம்பூரியிலும் கள்ளிக்காட்டிலும் எந்தக் கல்யாணமானாலும் முந்திரிக்கொத்துக்கு அவள் கைதான்.

ஆனால் கருணாகரன் பின்வாங்க முடியாது. மகள் பிரசீதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

பாறசாலை டெப்போவில் அரசு பஸ் ஓட்டியவர் அவர். காரக்கோணம், வெள்ளறடை வழியாக அம்பூரிக்குப் போகும் சர்வீஸ்தான் அவருக்குப் பெரும்பாலும். ஓமனா அங்கன்வாடி டீச்சர். காலையில் அவள் புறப்பட்டாக வேண்டும், அவருக்கோ டூட்டி மத்தியானத்துக்கு மேல். ஆகவே அந்த வீட்டில் புட்டும் கடலையும் மீன்குழம்பும் அவர் கையால்தான் ஆயின. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது அல்ல, தானாக அப்படி அமைந்துவிட்டது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தே பிரசீதா வளர்ந்தாள்.

அந்த நினைப்போடுதான் அவள் அம்பூரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். போன புதிதில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது, "எங்க வீட்டில அப்பாவாக்கும் சமையல்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை ஜிஜினுடைய தாய்மாமன் சுகுமாரன் அங்கே இருந்தார். "அப்ப உனக்க அம்மையாக்கும் பஸ் ஓட்டுதது?" என்று அவர் கேட்க, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஜிஜின் மட்டும் சிரிக்கவில்லை. தன் தட்டைத் தானே கழுவ எழுந்தான். "நீ இரி, அவ எடுப்பா" என்று அம்மிணி அவனைத் திரும்ப உட்கார வைத்தாள்.

பிரசீதா அன்றைக்கே அப்பாவுக்கு போன் போட்டாள். அழவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, பேச்சுதான் வேகமாகும்.

"அப்பா, நீங்க கல்யாணத்துக்கு முன்னால சுட்டீங்கல்லா, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமா? அதக் கொண்டு வரணும். எனக்க அப்பா கையால சுட்டது வருது, தின்னு பாத்துட்டுச் சிரியுங்கண்ணு இங்க எல்லார்ட்டயும் செல்லிட்டேன். எனக்க மானம் இப்ப உங்க கையிலயாக்கும்."

"கொண்டு வாறேன் மக்கா," என்றார் கருணாகரன். சிரித்தவர்கள் எல்லாரும் தன் மகள் முன்னால் நின்று கேட்டு வாங்கித் தின்ன வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த பிஸ்கட் அவர் கைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். பிரசீதா நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஓர் ஓவன் வாங்கினாள். அதில் ஒரு கேக் சுட்டாள். அது நடுவில் குழிந்துபோயிற்று. அப்புறம் ஓவன்மேல் ஊறுகாய்ப் பரணிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த கருணாகரன் ஒருநாள் பரணிகளை இறக்கிவைத்துவிட்டு ஓவனைத் துடைத்தார். வண்டி என்றால் ஓட வேண்டும், சும்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்கு ஆகாது.

முதலில் சுட்டதெல்லாம் பல்லுக்குப் பகை. பக்கத்து வீட்டு வேதமாணிக்கம் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இத வச்சு முற்றத்துக்குத் தறை போடலாம், மழைக்குத் தாங்கும்" என்றார். அப்புறம்தான் ஒருநாள் போனில் எங்கோ வெளிநாட்டில் ஒரு பெண் சுடும் வீடியோ வந்தது. அவள் பேசியது ஒன்றும் புரியவில்லை. கருணாகரன் சத்தத்தை நிறுத்திவிட்டு அவள் கையை மட்டும் பார்த்தார்.

பிஸ்கட் என்று பெயரே தவிர அது உள்ளே கேக்தான். விரலால் அமுக்கினால் அமுங்கி மெல்ல மேலே வரும். மாவைப் பிசைந்து உருட்டும் வேலையே கிடையாது. மைதா, வெண்ணெய், சீனி, முட்டை, கொஞ்சம் புளித்த மோர் எல்லாம் சேர்த்து இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கலக்கி, கரண்டியால் தட்டில் தள்ளித் தள்ளி விட்டால் சூட்டில் தானாக வட்டமாகப் பரவிக்கொள்ளும். ஓரத்தில் லேசாக நிறம் தட்டும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். நம் ஆட்களுக்கு அதுதான் முடியாத காரியம். முறுகாத எதையும் வெந்தது என்று நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். கருணாகரனும் இரண்டு தடவை முறுகவிட்டுக் கெடுத்துவிட்டு, மூன்றாம் தடவை கையைக் கட்டிக்கொண்டு மனசை அடக்கினார்.

ஆறியதும் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, தட்டையான அடிப்பக்கத்தில்தான் பூச்சு. ஒரு பாதிக்கு வெள்ளை. நன்றாகப் பொடித்த சீனியில் வெந்நீரும் எலுமிச்சைச் சாறும். அது உறைந்த பிறகு மறு பாதிக்குக் கறுப்பு. அதே கலவையில் கொக்கோ. இரண்டும் சந்திக்கும் கோடு நேராக விழ வேண்டும். அந்தக் கோட்டில்தான் கருணாகரன் சொக்கிப்போனார். அம்பூரி மலை வளைவுகளில், எதிரே ரப்பர் ஷீட் ஏற்றிய ஜீப் பாய்ந்து வந்தாலும் நடுக்கோட்டைத் தொடாமல் ஒதுங்கிக் கொடுத்த கை அது. நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்தார். கோடு நேராக விழுந்தது.

அந்த முதல் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அங்கன்வாடிக்கு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். குழந்தைகள் கறுப்புப் பக்கத்தை நக்கிவிட்டு வெள்ளைப் பக்கத்தை டீச்சரிடம் நீட்டின. ஓமனா ஒன்றைத் தின்றுவிட்டு, "கொள்ளாம்" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருடைய மீன்குழம்புக்கே அவள் அவ்வளவு சொன்னதில்லை.

அடுக்களை காணலுக்கு முந்தின நாள் அந்த வீட்டில் மனுஷர் உட்கார இடமில்லை. மேசையில் பிஸ்கட், பெஞ்சில் பிஸ்கட், டி.வி. ஸ்டாண்டில் பிஸ்கட், கட்டிலில் நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேலும் பிஸ்கட். வெண்ணெய் மணம் தெருமுனைவரை போய் ஆட்களைக் கூட்டி வந்தது. கருணாகரன் கல்யாண வீட்டுச் சமையல்காரர்போல தோளில் துண்டோடு ஓவனுக்கும் கட்டிலுக்கும் பறந்தார். கடைசிப் பிஸ்கட்டில் கடைசிக் கோட்டை இழுத்து முடித்தபோது அவருக்குத் தானே கைதட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தன, எல்லாம் ஒரே அச்சு.

மறுநாள் காலையில் அவர் முகம் மழிக்கும்போது 'டம், டம்' என்று தரையில் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அவருடைய அக்கா தங்கம்மை பலகாரச் சருவம் கட்டுகிறாள் என்று அர்த்தம். குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் சருவம் கட்டுவது தங்கம்மைதான். சருவம் விளிம்பு தளும்ப இருக்க வேண்டும், அதுதான் பெண்வீட்டாருக்குக் கௌரவம். அதற்காக, பாதி நிரம்பியதும் சருவத்தைத் தூக்கித் தரையில் நாலு இடி இடிப்பாள். உள்ளே இருப்பது இறங்கும், மேலே இன்னும் கொள்ளும். முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் அது சரி.

கருணாகரன் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். கட்டில் காலியாக இருந்தது.

"எல்லாம் ஒத்தச் சருவத்தில ஒதுங்கியாச்சு தம்பி," என்றாள் தங்கம்மை பெருமையாக. "இனியும் கொள்ளும்."

அவர் மூடியைத் திறந்தார். ராத்திரி ஈரத்தில் இளகியிருந்த கறுப்பு வெள்ளையில் அப்பி, வெள்ளை கறுப்பில் அப்பி, ஒன்றின் முதுகில் இன்னொன்று ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரே பசையாகக் கிடந்தது. கருணாகரன் சருவத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. திட்டி என்ன ஆகப்போகிறது? அக்கா கெடுக்க வேண்டும் என்றா கெடுத்தாள்? பிரசீதா வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவர் கண்முன் நின்றது. இன்னொரு தடவை சுட நேரமில்லை. ராகுகாலத்துக்கு முன்னால் வேன் புறப்பட்டாக வேண்டும்.

"இஞ்சேருங்க, எழும்புங்க."

ஓமனா. கையில் கறிக்கத்தி. சருவத்திலிருந்து ஒரு பிஸ்கட்டைப் பிரித்தெடுத்து, மேலே இருந்த பசையைச் சுரண்டித் தள்ளினாள். அடியில் பிஸ்கட் முழுசாக, மெத்தென்று இருந்தது.

"பூச்சுதானே போச்சு? அத அங்க போயி பூசுங்க."

"அங்கயா? அவங்க அடுக்களையிலயா?"

"பின்ன? அடுக்களை காணத்தானே போறோம். கண்டுட்டுச் சும்மா வரணுமா?"

"சிரிப்பாங்க ஓமனா."

"சிரிச்சாச்சுல்லா! இனி என்னத்தப் புதுசாச் சிரிக்கப்போறாங்க?"

இந்த பிஸ்கட்டே வேண்டாம் என்று முதல் நாளிலிருந்து சண்டை போட்டவள் அவள். இப்போது பொடித்த சீனி டப்பாவையும் கொக்கோவையும் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். கருணாகரனுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. எழுந்து முகத்தைத் துடைத்தார். தங்கம்மையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு கத்தி எடுத்தாள். அடியில் நசுங்கிப் பொடிந்தவை வேதமாணிக்கத்துக்குப் போயின, மிச்சமெல்லாம் சுரண்டப்பட்டுத் தட்டுகளில் ஏறின.

வேனில் ஆளுக்கொரு தட்டு மடியில். ஓட்டியவன் சின்ன வயசு, அவசரக்காரன். வெள்ளறடை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கருணாகரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கியரக் குறை மக்கா! அடுத்தது வலத்து வளைவு, பள்ளம் உண்டு! ஹாரன் அடி, ஹாரன் அடி!" என்று எழுந்து நின்றே வந்தார். தட்டைக் கையில் தாங்கியபடியே, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். பிஸ்கட் ஒன்றுகூட நகரவில்லை.

அம்பூரி வீட்டில் சாமியானா போட்டிருந்தார்கள். அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெரிய ஃபேன் ஒன்று ஆண்களுக்கு நேராகச் சுழன்றது, அதற்கு முன்னால் சுகுமாரன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெண்கள் சருவங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். முந்திரிக்கொத்து தேறியது. முறுக்கு சத்தம் கேட்டுத் தேறியது. பிறகு தட்டுகளை மூடியிருந்த துணி விலகியது. உள்ளே வெளிறிப்போன வெறும் வட்டங்கள்.

பிரசீதா அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் வாடியதை அவர் பார்த்தார்.

"இதாக்கும் ரெண்டு நிற பிஸ்கட்டா?" சுகுமாரன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "எனக்கு ஒரு நிறம்தான் தெரியுது. கண்ணு டெஸ்ட் பண்ணணும் போல." சாமியானா முழுக்கச் சிரித்தது.

கருணாகரன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவருக்குக் காது சுட்டது. ஆனால் குரல் நன்றாகவே வந்தது.

"சோலி இன்னும் தீரல்ல. சம்பந்தி, அடுக்களை எங்கயாக்கும்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த வீட்டில் ஆண்கள் அடுக்களைப் படி தாண்டுகிற வழக்கம் இல்லை. எல்லாரும் அம்மிணியைப் பார்த்தார்கள். அம்மிணி தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அமுக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு தானே வழிவிட்டு ஒதுங்கினாள்.

"வாருங்க. என்ன வேணும்?"

"கொஞ்சம் வெந்நீர். ஒரு நாரங்கா."

பிரசீதா ஓடிப்போய் எலுமிச்சம்பழம் பறித்து வந்தாள். கருணாகரன் சீனிப்பொடியைக் கலக்கினார், கரண்டியால் தூக்கி ஒழுகவிட்டுப் பதம் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் கோட்டை இழுத்தார். ஜன்னலில் தலைகள் அடுக்கடுக்காக ஏறின. "ஸ்கேல் வச்சுதுபோல இருக்கு!" என்றது ஒரு குரல். அடுத்தது, அதற்கடுத்தது. ஓமனா பிஸ்கட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கொடுத்தாள், பிரசீதா நகர்த்தி நகர்த்தி வைத்தாள், தட்டுகள் ஒவ்வொன்றாகப் பாதி வெள்ளையாயின.

ஆனால் வெள்ளை உறையவில்லை. மழை ஈரத்தில் அது பளபளவென்று அப்படியே நின்றது. கருணாகரன் விரலால் தொட்டார், விரலோடு வந்தது. இதன்மேல் கறுப்பைப் பூசினால் காலையில் சருவத்தில் கண்ட அதே சாம்பல்தான்.

"காற்று வேணும்," என்றார்.

அம்மிணி விறுவிறுவென்று வெளியே போனாள். சாமியானாவில் சுழன்றுகொண்டிருந்த பெரிய ஃபேனின் வயரைப் பிடுங்கினாள். கழுத்தைப் பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

"அம்மிணியே, எங்களுக்கு வேர்க்குதுல்லா!" என்று கத்தினார் சுகுமாரன்.

"வேர்க்கட்டும் அண்ணா. பிஸ்கட் உணங்கணும்."

ஃபேன் சுழன்றது. வெள்ளை மங்கியது, இறுகியது, தொட்டால் ஒட்டாமல் ஆனது. கருணாகரன் கொக்கோவைக் கலக்கினார். கறுப்பு வந்து வெள்ளையின் ஓரத்தில் சேர்ந்து, ஒரு மயிரிழைகூடத் தாண்டாமல் நின்றபோது ஜன்னலில் யாரோ கைதட்டினார்கள்.

முதலில் ஆனதை அம்மிணி எடுத்தாள். இரண்டு நிறமும் ஒரே கடியில் வரும்படி நடுவில் கடித்தாள். மென்றாள். அடுக்களை மொத்தமும் அவள் தாடையையே பார்த்தது. பிரசீதா அம்மாவின் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

"முறுகல்ல," என்றாள் அம்மிணி. கருணாகரன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "ஆனா வெந்திருக்கு. இது எப்பிடி?"

"மோரு விட்டிருக்கேன்."

"மோரா!" அவள் மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்று எடுத்தாள். அதையும் தின்று முடித்த பிறகுதான் வாசல் பக்கம் திரும்பினாள். "எலே ஜிஜினே!"

ஜிஜின் வந்தான். பழக்கதோஷம், படியிலேயே நின்றான்.

"மாமனாரு வேர்த்து ஒழுகி நிண்ணு பூசுதாரு, நீ வெளிய நிண்ணு வேடிக்கையா பாக்குத? உள்ள வா. கரண்டிய எடு. பாத்துப் படி."

ஜிஜின் பிரசீதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் அவ்வளவு சிரிப்பு இல்லை. அவன் இழுத்த முதல் கோடு நெளிந்து வளைந்து அம்பூரி ரோடாகவே இருந்தது. ஜன்னலில் சுகுமாரன் ஓ என்று சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிக்க இம்முறை ஒருவரும் இல்லை. அது பிரசீதாவின் காதில் விழுந்தது. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது, புதுப்பெண் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

முதல் தட்டு நிறைந்ததும் அதை அவள்தான் சாமியானாவுக்கு எடுத்து வந்தாள். நாலு பக்கத்திலிருந்தும் கைகள் வந்தன. "எனக்கு ஒண்ணு மக்கா", "இங்க பிள்ளைக்கு ஒண்ணு" என்று ஒரே கூச்சல். வேர்வையில் சட்டை நனைந்த சுகுமாரனும் கையை நீட்டினார். பிரசீதா தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, ஜன்னலில் நின்ற மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"குடு மக்கா," என்றாள் அம்மிணி. "ஆனா பூச்சு கலக்கின பாத்திரம் எல்லாம் இங்க கெடக்கு. அண்ணன் அதக் கழுவிட்டு வந்து எடுக்கட்டும்."

சுகுமாரன் தங்கையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், அது வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.